முதலாளியின் ரத்த ரிப்போர்ட்

அந்த வீட்டில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட் முதலில் அத்தான் கைக்குத்தான் போகும். யார் வைத்த சட்டமோ தெரியாது. அத்தான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளர். ஆனாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிவப்புப் பேனாவைத் திறந்து, தாளில் அம்புக்குறி போட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டு, "ம்ஹும்..." என்று ஒரு முனகல் முனகுவார் பாருங்கள், அதிலேயே நோயாளிக்குப் பாதி உயிர் போய்விடும். மாமியாருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று அவள் தட்டிலிருந்த முட்டையை எடுத்தவர் அவர். பெண்டாட்டிக்குச் சத்துப் போதவில்லை என்று அதே முட்டையை அவள் தட்டில் வைத்தவரும் அவர்தான். இரண்டு பேரும் தட்டில் இருந்ததைத் தின்றார்கள்.

மச்சினி ஒருத்திதான் அவர் பிடியில் சிக்காதவள். டயர் கடையில் பில் போடுகிறவள். வாயைத் திறந்தாலே காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். அவள் தன் ரிப்போர்ட்டை அத்தானிடம் காட்டியதே இல்லை. காட்டுவதற்கு ஒன்று இருந்தால்தானே! பிறந்ததிலிருந்து ஒரு சோதனைக்கும் அவள் கையை நீட்டியதில்லை. "கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்பாள். எல்லோரும் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வந்திருந்தது மனிதர்களின் ரிப்போர்ட் இல்லை. முதலாளியுடையது.

முதலாளி என்பது நாய். டயர் கடைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்த குட்டியை மிளகாய்தான் தூக்கிவந்தாள். வந்த அன்றே வாசல் மிதியடியில் ஏறி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் சம்பளம் கொடுத்தவன் மாதிரி முறைத்துப் பார்த்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது முதலாளிக்கு முகவாய் நரைத்துவிட்டது. கொஞ்ச நாளாக வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் விலா எலும்பு தெரிகிறது. குடித்த தண்ணீரை எல்லாம் அத்தான் ஆசைப்பட்டு வாங்கிய புதுக் கம்பளத்தில் இறக்குகிறான். அதனால்தான் முந்தின நாள் அத்தானின் பெண்டாட்டியான அக்காவும் மிளகாயும் அவனைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துவந்தார்கள். எடுக்கும்போது அக்கா மட்டும் உள்ளே இருந்தாள். "உள்ள பினாயில் நாத்தம் குடலைப் புடுங்குது" என்று மிளகாய் வெளியிலேயே நின்றுவிட்டாள்.

காலையில் ரிப்போர்ட் அத்தானின் போனுக்கு வந்தது. கூடவே டாக்டரும் கூப்பிட்டார். அத்தான் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு, கீழே கடைக்கு ஓடி ரிப்போர்ட்டை அச்செடுத்து, வட்டம் போட்டு, கூடத்துக்கு வந்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க."

மாமியார் உட்கார்ந்தாள். அக்கா உட்கார்ந்தாள். மிளகாய் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முடிஞ்சுபோச்சு. பொட்டாசியம் எங்கேயோ போய் நிக்குது, இருக்கவேண்டியதுக்கு மூணு மடங்கு. கால்சியம் சுத்தமா இல்ல. இந்த நம்பர் வந்தா உயிரோட இருக்கவே முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். எந்த நிமிஷமும் இதயம் நின்னுடும்."

மிளகாய் திரும்பிப் பார்த்தாள். எந்த நிமிஷமும் இதயம் நிற்கப்போகிறவன் அத்தானின் ஒற்றைக் காலுறையைக் கவ்விக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏன் அத்தான், உங்க ரிப்போர்ட்படி பார்த்தா இவன் நேத்தே செத்திருக்கணுமே. அவனுக்குத் தகவல் வரலையோ?"

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல். இது விஞ்ஞானம்மா. மெஷின் பொய் சொல்லாது."

"வேற என்னதான் சொன்னார் டாக்டர்?"

"உடனே கூட்டிட்டு வாங்கன்னார். வேற எதுக்குக் கூப்பிடுவார்? கஷ்டப்படாம ஒரே ஊசில அனுப்பிடலாம்னுதான். அவர் வாயால சொல்வாரா? நாமதான் புரிஞ்சுக்கணும்."

அவர் புரிந்துகொண்டுவிட்டார். அத்தோடு வீடும் புரிந்துகொண்டது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அக்கா விசும்பினாள். மிளகாய் மட்டும் எட்டித் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அம்புக்குறிகள், எண்கள், வட்டங்கள். கீழே ஓரமாக இன்னோர் அம்பு மேல்நோக்கி நின்றது. அதற்கு மட்டும் வட்டம் போடவில்லை.

"இது என்ன, சர்க்கரையா? இதுவும்தான் ஏறியிருக்கு. இதை விட்டுட்டீங்க?"

"அதெல்லாம் சில்லறை விஷயம்" என்றார் அத்தான். "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது தின்னிருப்பான்."

அது மிளகாய்க்குத் தெரியும். கார் ஆட்டத்தில் அவன் ஊளையிட்டதால் அரைப் பாக்கெட் பிஸ்கட்டை ஊட்டியவளே அவள்தான். வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை இப்போது சொன்னால் அத்தான் ஒரு மாதத்துக்கு விடமாட்டார். "தின்னிருப்பான்" என்று அவளும் சொல்லிவிட்டுத் தாளை மேஜையில் எறிந்தாள். "இந்தக் கணக்கே குப்பை. இதுல எந்த வரியையும் நான் நம்பமாட்டேன்."

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! சாவு விழாத வீட்டில் துக்கம் தொடங்கியது. அத்தான் முதலாளியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து, "நண்பா, போய் வா" என்று எழுதிப் போனில் போட்டார். படம் எடுக்கும்போது முதலாளி அவர் மூக்கை நக்கினான். அந்தப் படம் நன்றாக வரவில்லை என்று இன்னொன்று எடுத்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் மணியடித்தது, ஆறுதல் வந்துகொண்டே இருந்தது. "முப்பத்தெட்டு பேர் அழுதிருக்காங்க" என்று அத்தான் அக்காவிடம் காட்டினார். அவர் முகத்தில் சோகத்தோடு சோகமாக ஒரு பெருமையும் உட்கார்ந்திருந்தது.

மேல்வீட்டுக்காரி துக்கம் விசாரிக்க வந்தாள். மிதியடியில் படுத்திருந்த முதலாளியைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து, "எப்போ போச்சு?" என்று கேட்டாள்.

"இன்னும் போகல. இப்போ நீங்க தாண்டி வந்தீங்களே, அதான்" என்றாள் மிளகாய்.

மாமியார் அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனாள். "பாவம், கடைசியா ஆசைப்பட்டதைத் தின்னுட்டுப் போகட்டும்" என்று கேக்கை வெட்டிப் போட்டாள். பால்கோப்பையில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி வைத்தாள். முதலாளி வாழ்க்கையில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. கேக்கைத் தின்றான், பாலை நக்கினான், அப்புறம் போய் ஒரு சட்டி தண்ணீர் குடித்தான், நேராகக் கம்பளத்துக்குப் போனான்.

"விடுங்க, கடைசித் தடவைதானே" என்றார் அத்தான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை மிளகாய் கவனித்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகிறார்களாம் அழுகை! கம்பளம் தப்பித்த சந்தோஷம் அந்த அழுகைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அக்கா அவன் உணவுத்தட்டைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டாள்.

மிளகாய்க்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. அந்த வீட்டில் சாயங்காலம் அவள் வரும்போது எழுந்து நிற்கிற ஒரே ஆள் முதலாளிதான். அக்காவுக்கு அத்தான் இருக்கிறார். அம்மாவுக்கு டிவி இருக்கிறது. அவளுக்கு அவன்தான். இவர்கள் நாலு வட்டத்தையும் ஒரு படத்தையும் வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. "நானும் வரேன். என்னை மீறி எவன் ஊசி போடறான்னு பாக்கறேன்" என்றாள்.

நாலு பேரும் காரில் ஏறினார்கள். அவனை நடக்கவிடக் கூடாது, இதயம் தாங்காது என்று அத்தான் சொல்லிவிட்டதால் படுக்கை விரிப்பில் வைத்துத் தூக்கினார்கள். தூக்கிய பாதியில் அவன் குதித்து இறங்கி, படியில் அவர்களுக்கு முன்னால் ஓடி, கார்க் கதவருகே நின்று வாலை ஆட்டினான். வெறும் விரிப்பைப் பிடித்துக்கொண்டு அத்தானும் அக்காவும் பின்னால் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் மிளகாய்க்குத் தாங்கவில்லை.

டாக்டரின் அறையில் ஒரு தகர மேஜை, ஒரு தராசு, மூலையில் ரத்தம் பார்க்கும் மெஷின். டாக்டர் உயரமான மனிதர், களைத்த முகம். அத்தான் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க மனசைத் தேத்திக்கிட்டோம் டாக்டர். எங்க கையெழுத்து வேணும்னா தாளைக் குடுங்க, போட்டுடறோம்."

"எதுக்குக் கையெழுத்து?"

"அதான்... அனுப்பி வைக்கறதுக்கு."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி அதற்குள் மருந்துக் குப்பைக்கூடையில் தலையை விட்டிருந்தான்.

"ஐயா, நான் போன்ல என்ன சொன்னேன்? இந்த நம்பர் வந்தா எந்த நாயும் உயிரோட நிக்காது, உங்க நாய் நிக்குதான்னு பாத்து உடனே கூட்டிட்டு வாங்க, மறுபடியும் ரத்தம் எடுக்கணும்னு சொன்னேன்."

"முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கார் டாக்டர். இன்சூரன்ஸ்காரர் இல்லையா!" என்றாள் மிளகாய். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் முதலாளியை மேஜையில் ஏற்றி நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, நேற்று ரத்தம் எடுத்த உதவியாளரைக் கூப்பிட்டார். கலைந்த தலையும் காதில் செருகிய இயர்போனுமாக ஓர் ஆள் வந்து நின்றான்.

"நேத்து இதுக்கு ரத்தம் எப்படி எடுத்தே?"

"எப்பவும் போலத்தான் சார்."

"ஊதா மூடிலயிருந்து சிவப்பு மூடிக்கு மாத்தினியா?"

ஆள் தலையைச் சொறிந்தான். "நாய் ரொம்ப ஆடிச்சு சார். ஊதாவுல நிறைய போயிடுச்சு, சிவப்புல பத்தலை. மறுபடி குத்த வேணாமேன்னு அதுலயிருந்து கொஞ்சம் இதுல ஊத்தினேன். ரெண்டும் அதே ரத்தம்தானே?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு உப்பு தடவியிருக்கும். அது பொட்டாசியம் உப்பு. ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தை அது கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது சரி. மற்றச் சோதனைகளுக்குப் போகிற சிவப்பு மூடிக் குழாயில் அதிலிருந்து ஊற்றினால், மெஷின் அளப்பது நாயை இல்லை, குழாயை. "பொட்டாசியம் வானத்துல, கால்சியம் பாதாளத்துல. ரெண்டும் சேந்து வந்தாலே முதல்ல குழாயைத்தான் சந்தேகப்படணும்."

"ஆக, முப்பத்தெட்டு பேர் ஒரு குழாய்க்காக அழுதிருக்காங்க" என்றாள் மிளகாய்.

அத்தான் காதில் விழாததுபோல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை டாக்டரே எடுத்தார். பஞ்சை எடுத்ததுமே மிளகாய் "பினாயில்" என்று முனகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை முழங்காலில் அழுத்தித் துடைத்தாள். ஊசி என்று நினைத்தாலே அவளுக்கு முழங்கால் தனியாகக் கழன்றுபோகும். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மிளகாய் என்கிற பெயருக்கு என்ன மரியாதை?

மெஷின் முனகி முடித்ததும் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். புதுத் தாளை டாக்டர் மேஜையில் வைத்தார். பொட்டாசியம் சரி. கால்சியம் சரி. சிறுநீரகம் சரி. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்போ இவன் சாகலையா?" என்றாள். அந்தக் கேள்வியில் மகிழ்ச்சியைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது. இவ்வளவு அழுததற்கு இப்போது என்ன செய்வது என்று தெரியாத குழப்பம். அத்தானோ போனை எடுத்து ஆறுதல்களை எல்லாம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

"பாத்தீங்களா! அந்தத் தாள் மொத்தமும் குப்பைன்னு காலைலயே சொன்னேனா இல்லையா?" என்றாள் மிளகாய்.

"மொத்தமும் இல்லம்மா" என்றார் டாக்டர்.

அவர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். விரல் கீழ் ஓரத்தில் நின்றது. வட்டம் போடாத அந்த அம்பு.

"ரெண்டு தாள்லயும் மாறினதெல்லாம் குழாயோட தப்பு. மாறாதது நாயோட நோய். சர்க்கரையைப் பாருங்க. நேத்தும் நாலு மடங்கு, இன்னிக்கும் நாலு மடங்குக்கு மேல."

"நேத்துப் பிஸ்கட் தின்னான்" என்றாள் மிளகாய். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் குடுத்தேன்."

"இன்னிக்குக் கேக் தின்னான்" என்றாள் மாமியார்.

"நல்லா இருக்கிற நாய் கேக் கடையையே தின்னாலும் இவ்வளவு ஏறாது. வாளி வாளியா தண்ணி குடிக்கறான், வீடெல்லாம் ஒண்ணுக்குப் போறான், தின்னும் இளைக்கறான். நீங்க இவனைக் கூட்டிட்டு வந்ததே இதுக்குத்தானே? தாள் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கு. யாரும் அந்த வரியைப் படிக்கல."

அவர் காலையில் தானும் படிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. முதலாளியின் சிறுநீரைப் பிடித்து அதில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துக் காட்டினார். நிறம் மாறி அதுவும் அதையே சொன்னது. முதலாளிக்குச் சர்க்கரை வியாதி.

"சரி, மருந்து இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு. இன்சுலின். காலைல சாப்பிட்டதும் ஒரு ஊசி, சாயங்காலம் சாப்பிட்டதும் ஒரு ஊசி. நாள் தவறக்கூடாது. ஒழுங்கா போட்டா இன்னும் பல வருஷம் இருப்பான். போடலைன்னா, காலைல நீங்க அழுதது சீக்கிரமே நிஜமாயிடும்." டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "வீட்ல யார் போடப்போறீங்க?"

இத்தனை நேரம் மூக்கை உறிஞ்சியவர்கள் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள்.

"எனக்கு மாசத்துல பாதி நாள் வெளியூர்" என்றார் அத்தான்.

"எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வரும்" என்றாள் அக்கா. நேற்று உள்ளே நின்று நாயைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

"எனக்குக் கண்ணு எங்க தெரியுது" என்றாள் மாமியார். கேக்கை அவ்வளவு அழகாகச் சதுரமாக வெட்டியவள்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், நான் ஒண்ணு கேக்கறேன். தினம் ரெண்டு வேளை குத்தறதும் அவனுக்குக் கஷ்டம்தானே? ஏற்கெனவே மனசைத் தேத்திக்கிட்டுதான் வந்திருக்கோம். அந்த ஒரே ஊசியை..."

அவர் முடிக்கவில்லை.

மிளகாய்க்கு ஆத்திரம் பொங்கியது. த்தூ! கொல்கிற ஊசி என்றால் மூன்று பேரும் காரில் ஏறி வருகிறீர்கள், படம் எடுத்துப் போடுகிறீர்கள், கேக் வெட்டுகிறீர்கள். பிழைக்கவைக்கிற ஊசி என்றதும் ஒருவருக்கு வெளியூர், ஒருவருக்கு மயக்கம், ஒருவருக்குக் கண் தெரியவில்லையா? வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. கேட்டிருந்தால் மூன்று பேரும் பொசுங்கியிருப்பார்கள். ஆனால் கேட்டால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே போடேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டு வரலாற்றிலேயே அது முதல் தடவை. அக்கா தரையைப் பார்த்தாள், அவளும் தரையைப் பார்த்தாள். அத்தானுக்கும் தனக்கும் இப்போது என்ன வித்தியாசம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

முதலாளி மேஜையிலிருந்து குதித்துவந்து அவள் செருப்பின்மேல் உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு ரிப்போர்ட்டும் தெரியாது, ஊசியும் தெரியாது. பையில் பிஸ்கட் இருப்பது மட்டும் தெரியும்.

"குடுங்க" என்றாள் மிளகாய்.

"நீயா?" என்றாள் அக்கா.

"வேற யாரு, மேல்வீட்டுக்காரியா?"

பழகிப் பார்க்க டாக்டர் ஒரு சின்ன ஊசியில் உப்புத்தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார். முதலாளியை மறுபடி மேஜையில் ஏற்றி, முதுகுத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். ஊசி நுனி அவள் கையில் கிடுகிடுவென்று ஆடியது. முதல் குத்து தோலின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, தண்ணீர் முழுக்க ரோமத்தில் வழிந்தது. அத்தான், "இதுக்குத்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க வெளில போய் நில்லுங்க அத்தான்."

அவர் போனார். டாக்டர் இன்னோர் ஊசி ஏற்றிக் கொடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தோலைத் தூக்கினாள், குத்தினாள், அழுத்தினாள். நெற்றி வியர்வை மேஜையில் சொட்டியது. முதலாளி கத்தவில்லை. திரும்பி அவள் பையை மோந்தான். பழக்கத்தில் அவள் கை பிஸ்கட்டுக்குப் போனது. டாக்டர் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா வந்துச்சு. சாயங்காலம் நிஜ மருந்து. வீட்ல, நீங்களே" என்று டாக்டர் மருந்துக் குப்பியை அவள் கையில் வைத்தார்.

வெளியே அத்தான் காத்திருந்தார். "அந்த ரிப்போர்ட்டைக் குடு, ஃபைல்ல போட்டு வெக்கறேன்" என்று கையை நீட்டினார். மிளகாய் இரண்டு தாளையும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இவன் ரிப்போர்ட் என்கிட்டதான் வரும்."

அதைச் சொல்லும்வரை தாங்கியது. கார்க் கதவைத் திறக்கப்போனவள் அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, காலையில் குடித்ததை எல்லாம் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். அக்கா பதறி ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

மிளகாய் புறங்கையால் வாயைத் துடைத்தாள். கையைப் பைக்குள் விட்டு, மருந்துக் குப்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பினாயில் நாத்தம்" என்றாள்.